குள்ளம்மாள் போட்ட கோடு

3-7-78, திங்கள்

பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பன்னிரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். ஐந்தே நாளில் ஊருக்கொரு சுகாதாரப் பணியாளராக்கி அனுப்ப வேண்டும். முடியுமா என்று டாக்டருக்குச் சந்தேகம். எனக்கு இல்லை. பதினாறு வருஷ நர்ஸ் உத்தியோகம் சும்மாவா?

முதல் பாடம் பேதி. குழந்தைக்கு வயிறு போனால் இங்கே தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். குழந்தை வற்றிப்போய்ச் சாகிறது. ஒரு லிட்டர் பாட்டில் நிறையக் காய்ச்சி ஆறிய தண்ணீர், மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை சர்க்கரை. கரண்டி கரண்டியாகக் கொடு. உப்பு கூடினால் ஆபத்து. ஒரு மணி நேரத்தில் எல்லார் மண்டையிலும் ஏற்றிவிட்டேன்.

7-7-78

பரீட்சை. பதினோரு பேர் பாஸ், மாதம்மாள் முதல். குள்ளம்மாள் மட்டும் பெயில். மேஜைமேல் பாட்டில் இருக்க, வீட்டிலிருந்து கொண்டுவந்த சொம்பில் கலக்கினாள். வாயில் வைத்ததுமே உப்புக் கரிக்கிறது என்று டாக்டர் துப்பிவிட்டார்.

“வூட்டுல பாட்டிலு ஏதுங்க சிஸ்டரம்மா? சொம்புதானுங்க இருக்குது” என்றாள். சொன்னதை மட்டும் செய் என்று வாயை அடைத்தேன்.

12-7-78

குள்ளம்மாள் வந்து நிற்கிறாள். பாட்டிலைப் பத்து நாளைக்குத் தரவேண்டுமாம். பெயிலானவளுக்கு எதற்கு? பிடிவாதக்காரி. கொடுத்துத் தொலைத்தேன்.

22-7-78



மாதம்மாள் ஊருக்கு மேற்பார்வைக்குப் போனேன். ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி. மாதம்மாள் கலக்கிய தண்ணீரைக் குடிக்கக் குடிக்க இன்னும் தாகம், இன்னும் அழுகை. நானும் ஒரு வாய் குடித்தேன். உப்பு! சொம்பைப் பார்த்தேன் — அரை லிட்டர்கூடப் பிடிக்காது.

“நீங்க சொன்ன மாதிரியேதானுங்க போட்டேன்” என்றாள் மாதம்மாள். ஆமாம். நான்தான் சொன்னேன். பாட்டில் இல்லாத ஊருக்குப் பாட்டில் கணக்குச் சொன்னேன். பரீட்சையில் ஒருத்தி கேட்டாளே, அப்போதாவது என் புத்தி எங்கே போச்சு?

அதைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, குள்ளம்மாள் வாங்கிப்போன பாட்டிலைத் தேடிப் பக்கத்திலிருந்த அவள் ஊருக்கு ஓடினேன். அங்கே குள்ளம்மாள் வீடு வீடாகப் பாட்டிலை எடுத்துப்போய், சொம்பில், சொம்பு பத்தாத வீட்டில் குண்டானில், ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, அது நின்ற மட்டத்தில் ஆணியால் கோடு கீறியிருந்தாள். நாற்பது வீடு.

பாட்டிலை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். அந்தக் குழந்தை வீட்டுக் குண்டானிலும் கோடு போட்டாள், அதுவரை தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தோம். சாயங்காலம் குழந்தை ஒன்றுக்குப் போனது, உடம்பில் நீர் ஏறிவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை.

24-7-78

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிடுங்க” என்றார்.

31-7-78

பதினோரு பேரும் அவரவர் சொம்போ குண்டானோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். குள்ளம்மாள் பாடம் எடுத்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் என் பித்தளைச் சொம்பை நீட்டினேன்.

“புதுசா இருக்குதுங்களே சிஸ்டரம்மா. வடு வுழுந்துருமுங்க.”

“விழட்டும், போடு” என்றேன்.