பைபிள்காரம்மா ஊற்றிய தண்ணீர்

ஜூலை 25, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இலை அசையவில்லை. வழக்கம்போல வீடு வீடாய் வேதம் வாசிக்கக் கிளம்பினேன். ரோசலின் வீட்டோடு நின்றுபோயிற்று.

மாதம் நிறையாமலே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். அழுகையே இல்லை, உதடு நீலம். நர்சு கை விரித்துவிட்டாள். புருஷன் தாசு கம்பெனியில், ஷிப்டு. ஆயர் திருவள்ளூரில், முதல் ஞாயிறுதான் இங்கே வருவார். மற்ற நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மெட்ராசுக்குப் போயிருக்கிறார். ரோசலின் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பேர் இல்லாமயே போயிடுவான்க்கா. நீங்களே ஞானஸ்நானம் குடுத்துடுங்க."

உயிர் போகிற நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பைபிள்காரம்மா பயிற்சியில் படித்தது. படித்ததோடு சரி. எவர்சில்வர் டம்ளர், குடத்துத் தண்ணீர். சாமுவேல் என்று பெயர். ஊற்றினேன்.

ஜூலை 27, வியாழன்

மேகம் மட்டும். பிள்ளை பால் குடிக்கிறான்! வீறிட்டு அழுகிறான். தோத்திரம்.

தாசு வாசலிலேயே மறித்தான். "பொம்பள ஊத்துனா அது ஞானஸ்நானமா? இன்னாத்துக்கு அவசரப்பட்டீங்க? ஆயரை வச்சி திரும்ப குடுக்கப்போறேன்." உள்ளே ரோசலின் தலை குனிந்தபடி. தான் கேட்டதையே மறந்தவள்போல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் வலித்தது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆயர் வந்தார், திருவிருந்து. பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கி வர இன்னும் நாளாகவில்லை. தாசு ஆயரிடம் தனியாகப் பேசினான். அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

உபதேசியார் என்னிடம்: "நானே செய்ய யோசிக்கிற வேலைம்மா அது." அவருக்கும் பயம், பாவம்.

யார் யார் என்ன செய்யலாம்: பேராயர் - வளர்ந்த பிள்ளைகளின் தலையில் கை வைத்து விசுவாசத்தில் திடப்படுத்துவார். ஆயர் - ஞானஸ்நானம், திருவிருந்து, கல்யாணம். டீக்கன் - திருவிருந்தில் கிண்ணம் பிடிக்கலாம், அப்பத்தை ஆசீர்வதிக்க முடியாது. உபதேசியார் - பிரசங்கம், ஆயர் இல்லாத நாளில் அடக்கம். பைபிள்காரம்மா - வெயிலில் நடை. அவர்களுக்கெல்லாம் அங்கி, எனக்குக் குடை.

வேடிக்கை இருக்கட்டும். ஆயர் மறுபடி ஊற்றினால், நான் ஊற்றியது வெறும் தண்ணீர் என்றாகிவிடும். அன்றைக்கே பிள்ளை போயிருந்தால்? அப்போதும் வெறும் தண்ணீர்தானா? இதை யாரிடம் கேட்பது?

செப்டம்பர் 3, ஞாயிறு

விடியலில் தூறல். கோயில் நிறைய ஜனம். தாசு புதுச் சட்டையில். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் அவன்தான்.

ஆயர் உடனே பிள்ளையை வாங்கவில்லை. எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுத்தது யார்? எதனால்? யார் பெயரில்? அவசரத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தை விசாரிக்க ஜெபப் புத்தகத்திலேயே உள்ள முறையாம்.

ரோசலின் எழுந்தாள். "இந்த அக்காதான் குடுத்தாங்க ஐயா. தண்ணியிலதான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேர்ல. புள்ளைய மடியில வச்சிக்கினு நான் கேட்டேன்."

தாசு, "இருந்தாலும் நீங்க ஒருவாட்டி ஐயா..." என்று இழுத்தான்.

ஆயர் பிள்ளையைக் கையில் வாங்கினார். "சாமுவேல்" என்று கூப்பிட்டு நெற்றியில் சிலுவை போட்டார். தொட்டித் தண்ணீரை அவர் தொடவில்லை.