அண்ணி கழற்றிக்கொண்டு போன மின்விசிறி

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே பேக்கரி அடுப்பிலிருந்து உன் அப்பா வரைக்கும் எல்லாம் சூடாகவும் சுகமாகவும் இருக்கிறது, அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. உன் ரேடியோ தொலைநோக்கிப் பக்கத்தில் செல்போனே கூடாதென்று சொல்லி என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய், பிழை இருந்தால் அது உன் ஆராய்ச்சியின் தப்பு.

உன் போன கடிதத்தை அப்பா மத்தியானச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார், வினை அங்கேதான் ஆரம்பம். ஆயிரம் கேலக்ஸி ஒரே இடத்தில் முண்டியடிக்கும், நடுவில் கொதிக்கிற வாயு நிரம்பியிருக்கும், புதிதாக உள்ளே பாய்கிற கேலக்ஸியின் சொந்த வாயுவை அந்தச் சூட்டு வாயு உருவிவிடும், உருவப்படுகிறதுதான் ரேடியோ அலையில் உரக்கக் கத்தும் என்று எழுதியிருந்தாய் அல்லவா. இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு படிப்பு என்று உன் பெரியத்தை கொட்டாவி விட்டாள். உன் அண்ணி மட்டும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, அத்தை, அந்த கேலக்ஸி நான்தான் என்றாள்.

யோசித்துப் பார், அடுப்புக்கு மேல்மாடி, மூன்று அறை, ஒன்பது பேர், அதற்குள் கல்யாணமாகி வந்தவள். அவள் கொண்டுவந்த மின்விசிறி அப்பா தலைக்கு மேல், மெத்தை பெரியத்தை முதுகுக்குக் கீழ், மிக்ஸியை மட்டும் பத்திரமாக இருக்கட்டுமே என்று நான் எடுத்துக்கொண்டேன். வந்தபோது காதோடு பேசினவள் குரல், சில மாசத்தில் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சத்தமா என்று எங்கள் சபை கூடிக் கூடித் தீர்ப்புச் சொன்னது, அந்த மின்விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு!

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாளே அவளும் உன் அண்ணனும் எதிர்வீட்டு மாடியை வாடகைக்குப் பேசிவிட்டார்கள். அவன் திருதிருவென்று விழிக்க, அவளே ஸ்டூல் போட்டு ஏறி, மாமா கொஞ்சம் தள்ளிப் படுங்க என்று மின்விசிறியைக் கழற்றினாள். குடும்பம் உடைந்துபோச்சு என்று அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ரொட்டியோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

இப்போது கேள். அங்கே போனதும் அவள் குரல் பழையபடி இறங்கிவிட்டது, ஜன்னலில் காதை வைத்தாலும் கேட்கவில்லை. சூடாக நாலு பன் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சாயங்காலம் கிளம்புகிற அப்பா, திரும்ப நேரமாகிறது. காற்று வாங்கப் போகிறான் என்கிறாள் பெரியத்தை. மருமகள் இவ்வளவு அழகாகப் பேசுவாள் என்று இத்தனை நாள் தெரியவில்லையே என்கிறார் அவர்.

அந்த கேலக்ஸிக் கூட்டத்துக்கு உள்ளே போனது எதுவும் வெளியே வராது என்றும் எழுதியிருந்தாய். இங்கே ஒன்று வந்துவிட்டது, உன் வாத்தியாரிடம் சொல். நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததைக் கண்டுபிடித்து நல்லா இரு. ஒன்றை மறக்காதே, அண்ணிக்கு எழுதினால் மிக்ஸி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று எழுது. வந்து ஒரு தரம் சத்தம் போட்டுக் கேட்டால் கொடுத்துவிடுவேன், வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஜன்னலோரத்திலிருந்து உன் அம்மா