பாறைமேல் மட்டும் பேசும் பள்ளி வானொலி

அனுப்புநர்:
அ. சுருளிவேல், செய்தியாளர்,
கீழத்தெரு, போடிநாயக்கனூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
மதுரை.

பொருள்: ஊத்துப்பாறை தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஜக்கையனின் தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குரங்கணிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் ஊத்துப்பாறை ஓராசிரியர் பள்ளி உள்ளது. சென்ற மாதம் முதல் அது ஆசிரியர் இல்லாப் பள்ளி.

2. சென்ற ஆண்டு கல்வி இலாகா அங்கே ஒரு டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி வழங்கியது. பிற்பகலில் திருச்சி நிலையத்தின் பள்ளி ஒலிபரப்பைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவுக்குக் கட்டுப்பட மலை மறுத்துவிட்டது. வகுப்பறையில் பெட்டியைத் திருகினால் இரைச்சல் வரும். இரைச்சல் ஓய்ந்தால் மலையாளம் வரும். பிள்ளைகள் ரப்பர் விலை நிலவரத்தில் நன்கு தேறினார்கள்.

3. பள்ளிக்கு மேலே, ஏலப்பழம் எடுக்கும் பெண்கள் கஞ்சி குடிக்க உட்காரும் பாறை ஒன்று உண்டு. அங்கே அவர்களை மேய்க்கும் கங்காணியின் வானொலிப் பெட்டியில் சினிமாப் பாட்டு தெளிவாக ஒலிப்பதைக் கேட்ட ஆசிரியர், மறுநாள் பிள்ளைகளோடு பள்ளி டிரான்சிஸ்டரையும் அங்கே கொண்டுபோனார். திருச்சி பேசியது. அதன்பின் வானொலி வகுப்பு பாறையில்தான் நடந்தது.

4. ஆடியில் ஆய்வுக்கு வந்த தங்கள் கீழ் அதிகாரி, பள்ளியில் மதிய உணவு சமைக்கும் பாண்டியம்மாளை மட்டுமே கண்டு கோபித்தார். "அய்யா, பள்ளிக்கூடம் மேல போயிருக்கு. சத்தம் கேக்கலையா? வெரசா ஏறுங்க. காலு வலிச்சா சொல்லுங்க, சீக்காளிக்குக் கட்டுற டோலி இருக்கு, தூக்கியாரச் சொல்றேன்" என்றார் பாண்டியம்மாள். அதிகாரி ஏறவில்லை. அரசுப் பொருளைப் பள்ளிக்கு வெளியே கடத்தியதாகக் கீழேயே அமர்ந்து எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பொருள் அவர் தலைக்கு மேலே பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

5. இப்போது டிரான்சிஸ்டர் பள்ளி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சாவி அதிகாரியின் பையில் மலையிறங்கிவிட்டது. ஆசிரியர் சிலமலையில் மாமனார் வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் தாய்மாரோடு பழம் எடுக்கிறார்கள். மகளைக் கூடவே அழைத்துப்போகும் வேலுத்தாயிடம் காரணம் கேட்டேன். "வாத்தியார் வந்தா அனுப்புறேண்ணே. பூட்டைப் பாக்கவா புள்ளைய அனுப்ப?" என்றார். இந்தப் பருவம் முழுக்கக் கூலி வாங்கிப் பழகிவிட்டால், அடுத்த பருவம் எந்த உத்தரவும் அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவராது.

ஆகவே ஆசிரியரையும் சாவியையும் உடனே மலையேற்றுமாறு வேண்டுகிறேன். வானொலி வகுப்பறையைத் தாண்டக் கூடாதென்ற விதியைத் தளர்த்த இயலாவிட்டால், அந்தப் பாறையை வகுப்பறையாக அறிவித்துவிடலாம். ஒப்பந்ததாரர் கட்டாததால் அது இதுவரை விரிசல் விடவில்லை.

தாங்கள் நேரில் பார்த்து முடிவெடுக்க விரும்பினால், பாண்டியம்மாள் சொன்ன டோலி தயாராக இருக்கிறது.

இடம்: போடிநாயக்கனூர்
நாள்: 3.9.1979

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அ. சுருளிவேல்