சன்னல் வைத்த பிளேட்டு

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் ரப்பர் நாற்றம் முகத்தில் அடித்தது. நேற்று பகல் முழுக்க மழை. அடைத்துக் கிடந்த அறைக்குள் ஜிம் பிளேட்டுகளின் மேலிருக்கும் ரப்பர் ஈரம் ஏறி, உன் வீட்டு அடுக்களைக்கு மேலே ரப்பர் ஷீட் உலர்த்தும்போது வருமே, அதே வாசம். இவை முதன்முதலில் வந்து இறங்கிய அன்று ஒன்றைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "நம்ம ரப்பருதான் மக்கா. ஊரெல்லாம் சுத்தீட்டு வெல கூடி வந்திருக்கு." புதிதாகச் சேரும் பெண்கள் இந்த வாசத்துக்கு மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு மட்டும் நீ எனக்கு முன்னால் வந்து உள்ளே நிற்பது போல ஒரு நினைப்பு வந்து போகும்.

உன் மகள் ஊருக்கு வந்திருக்கிறாள். இன்றைக்கு இங்கேயும் வந்தாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். நீயும் எதையும் முதலில் சொன்னவள் இல்லையே.

கல்ஃபில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, வெள்ளறடையில் இந்த மாடியை வாடகைக்குப் பிடித்துப் பெண்களுக்கு ஜிம் தொடங்கப்போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. மரச்சீனிக் கிழங்கு மூட்டையும் ரப்பர்ப்பால் வாளியும் சுமக்கிற பெண்களுக்கு இரும்பு தூக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறாளாம் என்றார்கள். நீ மட்டும் முதல் ஆளாகச் சுரிதாரோடு படியேறி வந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த கடனுக்கு வந்தாய் என்றுதான் நினைத்தேன். "நான் வந்தா நாலு பேரு வருவாளுவ. எனக்க உடம்பப் பாத்தா அவளுவளுக்குத் தைரியம் வரும்" என்று உன் இடுப்பை நீயே கிள்ளிக் காட்டினாய். சொன்னபடியே வந்தார்கள்.

அப்போது என்னிடம் இருந்தவை நெய்யாற்றின்கரையில் மூடிப்போன ஒரு ஜிம்மில் இருந்து வாங்கிய பழைய பிளேட்டுகள். மொழுமொழுவென்று வட்ட இரும்பு. தரையில் கிடந்தால் விரல் நுழைய இடுக்கு இருக்காது. நகத்தைக் கொடுத்து நெம்பி, கட்டைவிரலுக்கும் மற்ற விரலுக்கும் நடுவில் இறுக்கித் தூக்கவேண்டும். போட்டவளே எடுத்து வைக்கவேண்டும் என்பது என் சட்டம். சுவரில் எழுதியும் ஒட்டியிருந்தேன். உனக்கும் அதே சட்டம்தான். கம்பியோடு சேர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் தூக்குவாய். கம்பியில் இருந்து பிளேட்டைக் கழற்றும்போதுதான் தடுமாறுவாய். நான் அதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன்.

ஒரு மழைக்கால முற்பகலில் உன் கையில் இருந்து ஒன்று நழுவி, உன் காலுக்குப் பக்கத்தில் விழுந்து டைல்ஸ் உடைந்தது. உடைந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நான் மாற்றவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தாய். பிறகு என் கையை எட்டிப் பிடித்தாய். இறுக்கிப் பிடித்தாய். "இனி விடு" என்றேன். விடவில்லை. விளையாடுகிறாய் என்று கையை உருவப் பார்த்தேன்.

"இழுக்காத. தானா விடும்" என்றாய்.

உன் விரல்கள் ஒவ்வொன்றாக, வேறு யாரோ நிமிர்த்துவது போல மெதுவாக நிமிர்ந்தன. நான் எத்தனையோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இப்படி ஒரு கையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

"எனக்க அம்மைக்கும் இதாக்கும்" என்றாய்.

உன் அம்மையை எனக்கு நினைவிருந்தது. கிணற்றடியில் வாளியை வைத்த பிறகும் கயிற்றைப் பிடித்தபடியே நிற்பாள். பிடிவாதக்காரி என்று ஊர் சொன்னது, பேய் பிடித்தவள் என்று சிலர் சொன்னார்கள். கண்ணிமை தொங்கி, முகம் வற்றி, ஒருநாள் அந்தக் கிணற்றடியிலேயே விழுந்து செத்தாள். நோய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ என்னை அரித்தெடுக்கத் தொடங்கினாய். போனில் எங்கேயோ பார்த்துவிட்டாய், ரப்பர் போர்த்து, கைவிட்டுப் பிடிக்க ஓட்டை வைத்த பிளேட்டுகள். விளிம்பு ஓரமாக மூன்று நீண்ட துளைகள், விரல் வலிக்காதபடி ஓரம் உருட்டியது, தரையில் ஒட்டாமல் கொஞ்சம் தூக்கி நிற்கும் விளிம்பு. "எட்டி, சன்னல் வச்ச பிளேட்டு வாங்கு. பெண்ணுங்களுக்கு அதுதான் சரிப்படும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். யாருக்காகக் கேட்டாய் என்று எனக்கு மட்டும் தெரியும். வாங்கினேன். நான்கு விரலையும் சன்னலுக்குள் கொக்கி மாதிரி மாட்டி, ஒரு கையால் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

ஆனால் வைத்த பிறகு கை வராது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாய். பிளேட்டைத் தாங்கியில் சாய்த்துவிட்டு, கையைச் சன்னலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளிடம் எதையாவது பேசத் தொடங்குவாய். மழை, ரப்பர்ப்பால் வெட்டாத நாள், பஸ் வராத கதை. கை விட்டதும் பேச்சும் நின்றுவிடும். உன்னை எல்லோரும் வாயாடி என்றார்கள். நீ வாயாடியே இல்லை.

நான்தான் உன்னைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த இளம் டாக்டர் உன்னிடம் கை கொடுத்து, இனி விடுங்கள் என்றார். விடமுடியாததைப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் உன் கட்டைவிரலின் அடிச்சதையில் ஒரு தட்டு தட்டினார். விரல் தானாக உள்ளே மடங்கியது. பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிது இல்லை, உன் முன்னால் வைத்துக் கேட்பதுதான் கொடுமையாக இருந்தது. இது வம்சவழி. பிள்ளைகளுக்கு வரவும் செய்யும், வராமலும் போகும், பாதிக்குப் பாதி. கையோடு நிற்காது, இதயத்தையும் பிடிக்கும், அதை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மகளைக் கட்டாயம் பரிசோதிக்கவேண்டும். அவள் வயிற்றில் ஒரு குழந்தை வரும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் குழந்தைக்கு இது இன்னும் கடுமையாக வரலாம்.

திரும்பும் பஸ்ஸில் நாம் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. உன் மகளுக்கு அப்போது நெய்யாற்றின்கரையில் இருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல பையன், ஷார்ஜாவில் வேலை.

"கல்யாணம் கழியட்டு. பெறவு நானே அவகிட்ட சொல்லுவேன்."

"அவளுக்க உடம்பு. அவளுக்குத் தெரியாண்டாமா?"

"என்னப் பாக்க வந்தவனெல்லாம் அம்மைக்க கையப் பாத்துட்டுப் போனான். உனக்கு அது தெரியாது. நீ நர்ஸ் படிக்கப் போயிட்ட. நான் வீட்டுல இருந்து எண்ணிக்கிட்டு இருந்தேன்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் கத்தினேன். நீ சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நம்முடைய ஸ்டாப் வந்தது. கம்பியில் இருந்து உன் கை வரவில்லை. கண்டக்டர் பெல் அடிக்கக் கையைத் தூக்கினார். சத்தம் போட்டுக்கொண்டிருந்த நானே, "ஒரு மினிட்டு சாரே, இவளுக்குக் கால் மரத்துப் போச்சு" என்று பொய் சொன்னேன். அன்றைக்கே நான் உன் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது.

நம் பக்கத்தில் பெண் எடுப்பதற்கு முன்னால் யாரையாவது அனுப்பி விசாரிப்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்பார்கள், சர்ச்சில் கேட்பார்கள், மளிகைக் கடையில் கேட்பார்கள். ஜிம்மில் விசாரித்தது உன் விஷயத்தில் மட்டும்தான் இருக்கும். பையனின் அத்தை வந்தாள். கீழே நின்ற ஆட்டோக்காரன் முன்கூட்டியே படியேறி வந்து, "சேச்சி, ஒரு அம்மச்சி உங்க கூட்டுக்காரியப் பத்தி அன்வேஷிச்சிட்டு வருது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வந்தவள் பீஸ் எவ்வளவு, லேடீஸ் பேட்ச் எப்போது என்றெல்லாம் ஒப்புக்குக் கேட்டாள். கண் உன் மேலேயே இருந்தது. பிறகு என் காதோரம் குனிந்து, "ஆ சேச்சியுடெ அம்மைக்கு கைக்கு எந்தோ அசுகம் உண்டாயிருந்நு எந்நு கேட்டு. சரியாணோ?" என்றாள். உன் அம்மையின் கையில் ஏதோ நோய் இருந்ததாமே, நிஜமா என்று கேட்கிறாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ குனிந்து, கிடந்ததிலேயே பெரிய பிளேட்டின் சன்னலுக்குள் கையை விட்டு, ஒற்றைக் கையால் அதைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னாலேயே அறையின் அந்தத் தலைக்கு நடந்தாய். தாங்கியில் வைத்தாய். அந்த அம்மச்சியின் முகம் மலர்ந்துபோனது. "எந்தொரு ஆரோக்கியம்!" என்று சிரித்துக்கொண்டே வந்து, உன் கையைப் பிடிக்கத் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

உன் கை சன்னலுக்குள் பூட்டிக் கிடந்தது.

"இந்த வருசம் மழ கூடுதலாக்கும், இல்லியா அக்கா?" என்றாய் நீ. மழையில் தொடங்கி, ரப்பர் விலைக்குப் போய், நெய்யாற்று டேமில் ஷட்டர் திறந்ததற்கு வந்து, நெய்யாற்றின்கரை மார்க்கெட்டில் மீன் விலை வரைக்கும் போனாய். நீட்டிய கை நீட்டியபடியே அவளும் தலையாட்டினாள். உன் மேலுதட்டில் வேர்வை பூத்தது. நான் துவர்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "கையெல்லாம் வேர்வை, தொடச்சிட்டுக் குடு" என்று உன் கையை மூடினேன். துவர்த்துக்குள்ளே உன் விரல்கள் விடுவதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். பிறகுதான் நீ அவளுக்குக் கை கொடுத்தாய், விரல்களை மடக்காமல், பலகை மாதிரி.

அவள் நீ தூக்குவதைப் பார்க்க வந்தவள். விடுவதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படியிறங்கிப் போனதும் நீ உடைந்த டைல்ஸ் மேல் உட்கார்ந்து அழுதாய். ஜெயித்தவள் அழுகிற அழுகையாக அது இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மகள் ஷார்ஜாவுக்குப் போனாள். "சொன்னியா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் உன்னிடம் ஒரு பதில் இருந்தது. இப்பம்தானே போனா. கிறிஸ்துமசுக்கு வருவா, முகம் பாத்துச் சொல்லுவேன். போனுல சொல்லுற காரியமா இது? கிறிஸ்துமசுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு காலையில், ரப்பர்ப்பால் வடிகட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே நீ சரிந்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். நான் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இதயம் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான்.

குளிப்பாட்டி, வெள்ளைப் புடவை கட்டி, சாக்ஸ் போட்டு, கடைசியில் வெள்ளைக் கையுறை போட்டுவிடச் சொன்னார்கள். நான் போடுகிறேன் என்றேன். உன் கையை எடுத்தேன். விரல்கள் முழுக்க விரிந்து, ஒன்றையும் பிடிக்காமல், என் கையில் தளர்ந்து கிடந்தன. டைல்ஸ் உடைந்த அந்த நாளுக்குப் பிறகு உன் கை அப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை. கையுறை எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறியது. அப்போதுதான் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. சுற்றி நின்றவர்கள் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். உன்னை நினைத்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பாதி, உன் மேல் இருந்த கோபம். சொல்லாமல் போய்விட்டாயே என்ற கோபம். அந்த அம்மச்சியை ஏமாற்றியதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். பெற்ற பிள்ளையின் உடம்பை அவளிடமிருந்தே மறைத்தாயே மக்கா.

அடக்கத்துக்கு வந்த மகள் அழுது முடிக்கும் முன்பே விமானம் ஏறிவிட்டாள். இப்போதுதான் நீண்ட லீவில் வந்திருக்கிறாள். இன்று காலை மழைக்குள் குடை மடக்கிக்கொண்டு படியேறி வந்தாள். உன் நடை, உன் இடுப்பு.

"சித்தி, கொஞ்சம் எடை கொறயணும். ஒரு பிள்ளை வேணும்னு அவரு ஆசப்படுறாரு. டாக்டர் எடையக் கொறச்சிட்டு வாங்கன்னு சொன்னாரு" என்றாள். அவள் சொன்ன அந்த டாக்டருக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் இருந்தேன். வந்தவுடனே எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், சும்மா கை ஓடட்டும் என்று ஒரு சின்ன பிளேட்டைக் காட்டி, எடுத்து அந்தத் தாங்கியில் வை என்றேன். சன்னலுக்குள் விரலை மாட்டித் தூக்கினாள். லேசாகத் தூக்கினாள். கொண்டுபோய்த் தாங்கியில் வைத்தாள்.

கையை எடுக்கவில்லை.

குனிந்தபடியே ஒரு கணம் நின்றாள். பிறகு முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பிச் சிரித்தாள். "சித்தி, இந்த வருசம் மழ கூடுதலாக்கும், இல்லியா?" என்றாள்.

உன் சிரிப்பு. உன் குரல். நீ அவளுக்குச் சொல்லாத நோயை அவள் உடம்பு அவளுக்குச் சொல்லத் தொடங்கி எத்தனை நாளாயிற்றோ. அதை மறைக்கிற வழியைக்கூட அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அங்கே தனியாக, யாரிடமும் கேட்க முடியாமல், தனக்கு மட்டும் என்னவோ என்று பயந்துகொண்டு. அந்த நிமிடம் நீ எதிரில் இருந்திருந்தால் உன்னை ஓங்கி அறைந்திருப்பேன். பிறகு கட்டிப்பிடித்திருப்பேன்.

மழையைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவள் பக்கத்தில் போய் முட்டுக்குத்தி உட்கார்ந்தேன். பதறிப்போய் அவள் கையை உருவப் பார்த்தாள். சன்னலுக்குள் கிடந்த அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

"இழுக்காத மக்கா. தானா விடும்" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. என் முகத்தையே பார்த்தாள்.

"சித்திக்கு எப்பிடித் தெரியும்?"

கீழே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தேன். அவளை உடைந்த டைல்ஸ் பக்கத்தில் உட்காரவைத்தேன். உன் அம்மையின் கிணற்றடியில் இருந்து தொடங்கினேன்.