இரண்டு தட்டு, நிறுத்தி ஒன்று

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மகள் என் வீட்டில் நலமாக இருக்கிறாள். வளர்ப்பு வீட்டுக்காரி எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காமல் படியுங்கள். நம் கடிதங்கள் குழந்தைகள் நலத் துறை மேடம் வழியாகத்தான் போகும். அவர் படித்துவிட்டுத்தான் தருவார்.

நீங்கள் அவளைப் பட்டாணி என்று கூப்பிடுவீர்களாமே. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். "நீங்க கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்" என்றாள். இப்போது பாதி திரும்புகிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். மாலையில் தெருவில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் போதும், துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். திறந்தால் சட்டைகளுக்குப் பின்னால் இன்னும் உள்ளே போகிறாள். தூங்கிய பிறகுதான் தூக்கி வருகிறேன். "எதுக்குடி உள்ளயே இருக்க?" என்றால், "இன்னும் தட்டலையே" என்கிறாள்.

எப்படித் தட்ட வேண்டும் அக்கா?

அன்புடன்,
பட்டாணியைப் பார்த்துக்கொள்பவள்


ஜூன் 11

அன்புத் தங்கச்சிக்கு,

தையல் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். தைத்துத் தைத்துப் பிரிக்கிற மாதிரி எழுதி எழுதி அடிக்கிறேன், சிரிக்காதே.

அவள் அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் அவளை அலமாரிக்குள் உட்கார வைப்பேன். அவர் அடித்து ஓய்ந்து தூங்கியதும் கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. 'ஒண்ணும் இல்ல, வா' என்று அர்த்தம். அது கேட்காமல் யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது என்று விளையாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவைகூட ஏமாந்து வந்ததில்லை, கெட்டிக்காரி.

யாருக்கும் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன், தட்டு.

அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். வீட்டில் அவர் இல்லையென்றால், அடுத்த மாதம் துறையில் நடக்கும் கூட்டத்தில் அவளை என்னிடமே அனுப்ப முடிவு செய்வார்களாம். அவள் முன்முடியை வெட்டிவிடாதே. வந்ததும் நானே வெட்டுகிறேன்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தட்டினேன். தட்டியிருக்கக் கூடாது.

கதவு படாரென்று திறந்தது. "அம்மா!" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தவள் என்னைப் பார்த்தாள். ஒரு முகம் அப்படி அணைந்து நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். அம்மாதான் என்றேன். "பொய். அம்மா சொல்லவே மாட்டாங்க."

முதலிலேயே அவளிடம் பேசிவிட்டுத் தட்டியிருக்க வேண்டும். இப்போது அந்தத் தட்டலுக்கும் வருவதில்லை. உங்கள் கைக்காவது வருவாளா என்று பயமாக இருக்கிறது.

ஆனால் கூட்டம் வருகிறது என்று தெரிந்ததும் தன் பையைத் தானே அடுக்கிவிட்டாள். என் சீப்பும் உள்ளே போயிருக்கிறது. கேட்டால் அதைப் பார்த்ததே இல்லையாம்.

அன்புடன்,
தங்கச்சி


ஜூலை 2

தங்கச்சி,

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா திரும்பி வந்துவிட்டார். கையில் பை, முகமெல்லாம் அழுகை. நான் கதவைத் திறந்தேன். ஏன் திறந்தாய் என்று கேட்காதே, நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"கூட்டம் முடியற வரைக்கும் நான் வெளிய இருக்கேன். நீ புள்ளய வாங்கிட்டு வா" என்கிறார். அப்படியே செய்யத்தான் இருந்தேன்.

நேற்று வண்டிச் சத்தம் கேட்டது. ஒளித்துவைக்க அவள் இல்லை. கால் தானாக அலமாரிக்குப் போனது. அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். சின்ன இடம், முழங்கால் முகத்தில் இடிக்கிறது. யாராவது தட்ட மாட்டார்களா என்றிருந்தது. இவ்வளவு நேரமா என் பிள்ளை காத்திருந்தாள்?

மேடம் இதைப் படிப்பார். படிக்கட்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். அவளை அனுப்ப வேண்டாம்.

முன்முடியை நீயே வெட்டிவிடு.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

கூட்டம் நீங்கள் இல்லாமலே முடிந்தது. பட்டாணி என்னிடமே இருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே மேடம் போலீசோடு உங்களைத் தேடி வந்தார். வீடு பூட்டியிருந்ததாம். கம்பெனிக்கும் நீங்கள் வரவில்லையாம். இன்னும் தேடுகிறார்கள். இந்தக் கடிதத்தைக் கம்பெனியில் உங்கள் மேற்பார்வையாளரிடம் கொடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெண்கள் இல்லத்தில் உங்களுக்கென்று ஒரு கட்டில் போட்டிருக்கிறார் மேடம். எப்போது வந்தாலும் சரி. ஏன் திறந்தாய் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

முன்முடியை வெட்டவில்லை. கண்ணை மறைக்கிறது, ஊசி குத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

அவள் இப்போது அலமாரிக்குள் போவதில்லை. மாலையானால் துணி அலமாரி, சமையலறை அலமாரி, செருப்பு வைக்கிற பெட்டிகூட, ஒவ்வொன்றாகப் போய் இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. பிறகு கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாருக்குடி தட்டற?"

"அம்மா உள்ள இருந்தா வெளிய வரட்டும்."

உங்கள் கடைசிக் கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவே இல்லை அக்கா.

நேற்று நானும் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டேன்.

தங்கச்சி