உன் போனுக்குள் ஒரு கல்யாண மண்டபம்

இன்று காலை புதுச் சேலை ஒன்றைப் பிரித்தேன். கஞ்சி வாடை அடித்ததும் உங்கள் ஜவுளிக்கடைக் கிட்டங்கி நினைவுக்கு வந்துவிட்டது. கூரைவரை துணிக்கட்டு அடுக்கிய அந்த அறையில் எந்தச் சத்தமும் திரும்பி வராது. குரல் பதிவுக்குச் சங்கரன்கோவிலில் அதைவிட நல்ல இடம் இல்லை என்று கண்டுபிடித்தவள் நீதான்.

தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் நீ பாடுவதையே விட்டுவிட்டாய். பத்து வருடம் மெல்லிசைக் குழுவில் மேடையேறியவள்! "இந்தக் கொரல வச்சு என்னத்தட்டி பாட? எனக்கே கேக்கப் பிடிக்கல" என்றாய். மண்டபத்தில் பாடுவதுபோல உன் காதில் கேட்டால் பாடுவாயா என்று கேட்டேன். "கேக்க வை, பாப்போம்." என்னிடம் சவால் விட்டால் சும்மா இருப்பேனா?

நீ வழக்கமாகப் பாடிய கல்யாண மண்டபம் காலியாக இருந்த ஒரு மத்தியானம், உள்ளே போய்ப் பலூனை உடைத்து, எதிரொலி அடங்கும்வரை பதிவு செய்தோம். காவல்காரர் ஓடிவந்தார். "யாருக்கும்மா பொறந்தநாளு?" கொஞ்சமும் கூசாமல் "மண்டபத்துக்குத்தான் அண்ணாச்சி" என்றாய்.

நீ பாடப் பாட அந்த எதிரொலியைச் சேர்த்து உன் காதுக்குத் தரும் செயலி ஒன்றை எழுதினேன். அந்தப் பதிவு முழுவதையும் உன் குரலின் ஒவ்வொரு துளியோடும் பெருக்கிக் கூட்டச் சொன்னால், உன் பழைய போன் கொதித்தது. பாட்டு விக்கி விக்கி வந்தது. அதனால் சுவர் எவ்வளவு தூரம் என்று காதுக்குச் சொல்கிற முதல் சில எதிரொலிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். பிறகு நீளமாக அடங்கும் முழக்கத்துக்கு எட்டுத் தாமதங்கள் போதும். குரலைச் சற்று நிறுத்திவைத்து, கொஞ்சம் குறைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகத் திருப்பிவிடும் கணக்கு அது. எட்டின் நேரத்தையும் ஒரே எண்ணின் மடங்குகளாக வைத்துத் தொலைத்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின. உன் பழைய பதிவு ஒன்றை அதில் ஓடவிட்டதும் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டாய். "சருவப்பானைக்குள்ள தலைய விட்டுப் பாடுத மாதிரி இருக்குட்டி."

ஒன்றோடொன்று ஒத்துவராத பகா எண்களாக மாற்றினேன், கணகணப்பு போயிற்று. இப்போது முகம் தெரியாத எத்தனையோ பேர் மலிவான போன்களில் அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். எனக்குத் தலைக்கனம் என்பாய். இருக்கட்டும், இதற்கு இல்லாமல் வேறு எதற்கு? கணக்கு என்னுடையது என்றால் காது உன்னுடையது.

முதன்முதலாக உன் போனில் அது ஓடிய அன்று நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். புளூடூத் என்றால் குரல் பிந்தி வரும் என்று வயர் வைத்த இயர்போன் கொண்டுவந்திருந்தேன். ஒன்று உன் காதில், ஒன்று என் வலது காதில். முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தினாய்.

"ஏட்டி, கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் போகுது" என்றாய். அப்புறம் பல்லவி, இரண்டு சரணம், எதையும் விடாமல் பாடினாய்.

அடுப்படியிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தார்கள். "சத்தமே வரலியே தாயி, ஏன் கஷ்டப்படுத?" நீ அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினாய்.

அவர்களுக்குக் கேட்டது ஆபரேஷன் மிச்சம் வைத்த குரல். அன்று மண்டபம் நிறைந்த உன் குரலைக் கேட்டவர்கள் நாம் இருவர் மட்டும்தான். நீயும் போன பிறகு, இப்போது நான் ஒருத்தி. என் வலது காதில் அது இன்னும் அடங்கவில்லை.