தொட்டியில் இறங்கியவன் விட்டுப்போன ட்ரைவர்

உன்னை அந்தத் தொட்டிக்குள் இறக்கிக் கொன்றவர்கள் இன்னும் அதே கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாசிகசாலையில் இருந்து எழுதுகிறேன். கணினியில் செருகியிருக்கும் உன் யூஎஸ்பி வைஃபை அடப்டர் சூடேறி, பிளாஸ்டிக் கருகும் மணம் வருகிறது. நகத்தளவு சாமான். வாசிகசாலை வைஃபை உள்ளே விடுவது இதை மட்டும்தான். அதை இயக்கவென்று கூட வந்த ட்ரைவர் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். எங்கள் பழைய மெசினிலோ லினக்ஸ். மூல நிரலை எடுத்து நாங்களே கம்பைல் பண்ண வேண்டியிருந்தது. அதற்கு, மெசினில் ஓடும் கேர்னலின், லினக்ஸின் அந்த உள்மையத்தின், பதிப்பு எண்ணுக்கு அச்சொட்டாகப் பொருந்தும் கோப்புகள் வேண்டும். அவை இணையத்தில் இருந்தன.

"இன்ரநெற் எடுக்க இன்ரநெற் வேணுமாம் மச்சான். எங்கட அரசாங்கக் கந்தோருகள் மாதிரியே" என்று சிரித்தாய். எண்ணைப் பேனையால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு எங்கள் ஊர் கப்பல்துறையில் பஸ் ஏறி டவுனுக்குப் போனாய். மிதிபலகையில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கையில் கடைசி இலக்கம் வியர்வையில் அழிந்துபோயிற்று. ஒரு குத்துமதிப்பில் கோப்புகளை பென் ட்ரைவில் கொண்டுவந்தாய். பொருந்தவில்லை.

"கடதாசி எண்டு ஒரு சாமான் இருக்கடா" என்றேன்.

"கடதாசிய நம்பி இந்த ஊரில ஆர் உருப்பட்டவன்?"

மறுநாளும் போனாய். கம்பைல் பண்ணிய ட்ரைவர் மொடியூல் ஏறி, அடப்டரில் நீல விளக்கு மினுங்கியது. அதன்பின் ஊரில் பாதிப் பேரின் வேலை விண்ணப்பங்கள் இந்த மெசினில் இருந்துதான் போயின. உன்னுடையதும் போனது. பதில் வரவில்லை. இவ்வளவு தெரிந்த உனக்குத் துறைமுகத்தில் கிடைத்தது ஒப்பந்தக்காரரின் கீழ் கொந்தராத்து வேலை: கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கசடு அள்ளுவது. முகமூடி என்று தந்தது ஒரு துணித்துண்டு. உள்ளே நின்ற நச்சுவாயுவில் நீ திரும்பி ஏறவில்லை.

போன மாதம் உன் அம்மா துறைமுகக் கந்தோரின் கடிதத்தோடு வந்தார். உன் சொந்தக் கவனயீனத்தால் நேர்ந்த மரணமாம். ஆட்சேபனை இருந்தால் ஆவணங்களோடு இணையத்தில் மட்டும் அனுப்பலாம். அன்று மாலை நாலு மணியோடு அந்தத் தவணையும் முடிகிறது. அப்போது மணி இரண்டரை. போன் சிக்னலில் மரணச் சான்றிதழ் பாதி ஏறி நின்றுவிட்டது. டவுனுக்குப் போய்ச் சேரும் நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. முந்தின நாள் அப்டேற்றில் கேர்னல் மாறி, அடப்டரும் செத்துக் கிடந்தது.

புதிய கேர்னலுக்கான கோப்புகள் அப்டேற்றோடு வந்திருந்தன. கம்பைல் பண்ணினேன். மொடியூல் ஏறவில்லை. திரும்பவும் பண்ணினேன். அதே பிழை.

"அவன் இருந்தா ரெண்டு நிமிசத்தில செய்திருப்பான்" என்றார் அம்மா. அவர் குத்திச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது.

அப்போதுதான் நீ எழுதிவைத்த குறிப்பைத் திறந்தேன். முதல் வரியே: "முதல்ல பழைய கம்பைலைத் துடை. அவசரக் குடுக்கை, உனக்குத்தான் சொல்லுறன்." நான் துடைக்கவில்லை. துடைத்துவிட்டுப் பண்ணினேன். விளக்கு மினுங்கியது. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க எல்லாம் போய்ச் சேர்ந்தது.

"என்ன தம்பி எழுதினனீங்கள்?"

"ஒரு கேள்வி, அம்மா."

"பதில் சொல்லுவாங்களோ?"

"சொல்லத்தான் வேணும்" என்றேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

கேர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் இப்போது நான்தான் கம்பைல் பண்ணுகிறேன். உன் வேலையில் எனக்குக் கைவந்தது அவ்வளவுதான். உன்னிடம் இருந்த பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். பொறுமையாய் இருந்துதானே நீ அந்தத் துணித்துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாய்.

திங்கட்கிழமைதோறும் அதே கேள்வியை அனுப்புகிறேன். ஐந்தாவது முறையாக இன்றும் அனுப்பினேன்:

அவனை இறக்க முன் அந்தத் தொட்டியின் காற்றைச் சோதித்தவர் யார்? பெயரைத் தாருங்கள்.